பதிலுக்குக் கொடுத்த வீடு

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
10.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மாதாவின்ர புண்ணியத்தில நாங்கள் இஞ்ச சுகம். நீங்களும் கால் புண் ஆறி, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமா இருக்கிறீங்கள் எண்டு நம்பி எழுதுறன். ஷெல்லில போன காது போனதுதான், மற்றக் காதையாவது டொக்டரிட்டக் காட்டுங்கோ. உங்களுக்குக் காது கேட்டிருந்தால் நான் ஐம்பத்தெட்டு வயசில பேனை பிடிச்சுக்கொண்டு இருப்பனே? போனில உங்களோட கத்தின கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடாத குறை.

நல்ல சேதி ஒண்டு. தக்ஷினிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. வாற வருஷம் மே மாசம். பெடியனுக்குப் பேர் றஜிந்தன், இஞ்ச பக்கத்தில லவாலில இருக்கிற யாழ்ப்பாணத்து ஆக்கள். எங்கட கோயிலில வச்சுச் செய்யவும் சம்மதம். அதால அண்ணை, நான் வீட்டு அலுவலை முடிக்கப்போறன். எங்கட பக்கத்தில பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு எழுதாமல் கலியாணம் செய்து குடுத்தால் அது என்ன கலியாணம்? அம்மாவுக்கு அவவின்ர தாய் எழுதினா, அம்மா எனக்கு எழுதினா, நான் தக்ஷினிக்கு எழுதுவன். ஊரில, தேத்தாவெளியில, எனக்கு எதுக்கு வீடு எண்டு அவள் பிரெஞ்சில சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மாப்பிள்ளை பகுதியும் சிரிக்குது. எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும்.

டிசம்பரில நானும் அவளும் வாறம். அதுக்கு முதல் வீட்டைச் சுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ. பதின்மூண்டு வருஷமாக் கேக்கிறன், ஒரு படம் வரேல்லை. கூரையையும் ஒருக்கால் மாத்துங்கோ எண்டால் கேக்கிறியளும் இல்லை. அந்த வீட்டுக்குத் திரும்பினம் எண்டு நீங்கள் 2011இல எழுதின கடிதத்தை இப்பவும் பைபிளுக்குள்ள வச்சிருக்கிறன். உங்கட அக்னெஸ், என்ர மச்சாள், முகாமில கிடந்து சாகாமல் எங்கட வீட்டில கண்ணை மூடினா எண்டு நினைச்சால் ஒரு ஆறுதல்.

எனக்குப் புது வேலை. எலிசா எண்டு எண்பத்தேழு வயசுப் போலந்து மனிசியைப் பாக்கிறன். எங்கட வீட்டில இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான். மறதிக்காரி, ஆனால் நல்லவ. ஊருக்குத் தபால்காரன் வாறதில்லை எண்டு நீங்கள் சொன்னபடி இதையும் கோயில் விலாசத்துக்கே போடுறன்.

உங்கள் தங்கச்சி,
இமெல்டா

*

28.04.2024

அன்புள்ள தங்கச்சி இமெல்டாவுக்கு,

கர்த்தர் துணை. நான் சுகம். கால் புண் ஆறீட்டுது. நீ சுகமாய் இருக்கவேணும் எண்டு செபிக்கிறன்.

மருமகளின்ர கலியாணச் சேதி கேட்டுச் சந்தோசப்பட்டன். கோயிலில அவளின்ர பேருக்குப் பூசை ஒண்டு குடுத்திருக்கிறன். மாப்பிள்ளை தண்ணி கிண்ணி பாவிக்கிறவரோ எண்டு விசாரிச்சுப் பார்.

படம் எடுக்க என்னட்டை வழி இல்லை. டிசம்பரில இஞ்ச மழை. றோட்டெல்லாம் வெள்ளம் நிக்கும். யானையும் வருது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த நேரம் வாறது நல்லதாய்த் தெரியேல்லை. லவாலில இருக்கப்போற பிள்ளைக்கு இஞ்ச வீடு எழுதி என்ன காணப்போறாள்? நீ அங்க நகை நட்டைப் போட்டுச் சிறப்பாய்ச் செய். ஆறுதலாய் யோசி.

அந்தப் போலந்து அம்மாவை நல்லாய்ப் பார். வயசான ஆக்களின்ர ஆசீர்வாதம் பிள்ளைக்குச் சேரும்.

அன்புள்ள அண்ணன்,
சூசைப்பிள்ளை

*

ரொக்ஸ்பரோ
02.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேக்குதில்லை. உங்கட உடம்பைப் பற்றி ரெண்டு வரிக்கு மேல எழுதினால் குறைஞ்சு போவியளோ?

வெள்ளமாம், யானையாம். நான் தேத்தாவெளியில பிறக்காதவளே? யானைக்குப் பயந்தால் எங்கட அப்பா அந்த எல்லையில வீடு கட்டியிருப்பாரே? டிக்கட் பாத்துக்கொண்டிருக்கிறன்.

எலிசா அம்மாவின்ர கதையைக் கேளுங்கோ. அவ பிறந்த ஊர் இப்ப உக்ரைனுக்குள்ள. ரெண்டாம் உலகச் சண்டை முடிய, பெரிய நாடுகள் கூடிப் போலந்தின்ர எல்லையை அப்படியே மேற்கால தள்ளி வச்சிட்டாங்களாம். கிழக்கில இருந்த இவையின்ர சனத்தை மாட்டோட சேத்துச் சரக்கு ரயிலில ஏத்தி, ஜெர்மன்காரர் இருந்த சைலீசியா எண்ட இடத்தில கொண்டுபோய் இறக்கினவங்கள். உங்கட பழைய வீட்டுக்குப் பதிலா இது எண்டு தேப்பனின்ர கையில ஒரு கடதாசி. உள்ள போனால், அடுப்படியில வீட்டுக்கார ஜெர்மன் மனிசியும் அவளின்ர சின்னப் பெட்டையும் நிக்கினமாம். அவையை அனுப்பி முடிக்கேல்லை. ஒரு மாரிக் குளிர் முழுக்க ரெண்டு குடும்பமும் ஒரே வீட்டில. ஊருக்குப் பேரும் மாத்தி, பலகையும் மாத்தியாச்சு.

எனக்குக் கேக்கக் கேக்கக் கோவம் வந்தது அண்ணை. எலிசா அம்மா சின்னப்பிள்ளை, அவவில பிழை இல்லை. ஆனால் அந்தத் தாய் தேப்பன்? வீட்டுக்காரி அடுப்படியில நிக்க, அவளின்ர கோப்பையில போட்டுத் திண்ட சோறு எப்பிடித் தொண்டையால இறங்கினது? எங்களையும்தான் துரத்தினவங்கள். நாங்கள் மற்றவையின்ர வீட்டில போய்க் குந்தினமே? பட்டினி கிடந்தாலும் நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டியள் எண்டு எலிசா அம்மாவிட்டப் பெருமையாச் சொன்னன்.

வீட்டின்ர அளவை எடுத்து அனுப்புங்கோ. உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு கேப்பார்.

தங்கச்சி,
இமெல்டா

*

21.07.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

கர்த்தர் துணை. சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு.

அளவு எடுக்கிற ஆள் இப்ப இஞ்ச இல்லை. வந்தால் பாப்பம்.

உன்ர எலிசா அம்மாவிட்ட ஒரு விசயம் கேட்டு எழுது. அந்த ஜெர்மன் ஆக்கள் பிறகு எப்பவாவது திரும்பி வந்தவையோ? வந்தால் தேப்பன் என்ன செய்தார்? வேற ஒண்டுக்கும் இல்லை, கதையைக் கேட்டதால கேக்கிறன்.

இஞ்ச ஒரு குடும்பம் வந்து நிக்குது. கிளி எண்டு ஒரு பிள்ளை, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். தொண்ணூறில வள்ளத்தில இந்தியாவுக்குப் போய், முப்பத்துநாலு வருஷம் அங்க முகாமில இருந்திட்டு இப்ப திரும்பி வந்திருக்கு. புருஷன் இல்லை. ஒரு மகள். போக இடம் இல்லாததால குசினிப் பக்கம் இருக்கினம். முன்னறையை எடுக்கச் சொன்னன், மாட்டன் எண்டிட்டுது. நல்லாய்ச் சமைக்குது. எனக்குத்தான் சாப்பாடு செல்லுதில்லை.

அன்புள்ள அண்ணன்,
சூசைப்பிள்ளை

*

ரொக்ஸ்பரோ
25.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம், சுகமறிய ஆவல். ஏன் உங்களுக்குச் சாப்பாடு செல்லுதில்லை? சீனி வருத்தமோ எண்டு சோதிச்சுப் பாருங்கோ.

என்னைக் கேக்காமல் என்ர குசினியில ஆளை இருத்தினது எனக்கு விருப்பமில்லை. பாவம் எண்டு விட்டிருப்பியள், உங்கட குணம் தெரியும். ஆனால் இப்பிடி வந்து குந்துற ஆக்கள் பேந்து எழும்பமாட்டினம். அந்தக் கிளிக்குச் சொல்லுங்கோ, டிசம்பரில வீட்டுக்காரி வாறா, அதுக்கு முதல் வேற இடம் பாக்கச் சொல்லி. டிக்கட் எடுத்தாச்சு. 27ஆம் திகதி வெளிக்கிடுறம்.

நீங்கள் கேட்டதைக் கேட்டன். எலிசா அம்மாவுக்குக் காலமை சாப்பிட்டது ஞாபகம் இல்லை, ஆனால் இது எல்லாம் நேற்று நடந்த மாதிரி. தேப்பன் அந்த வீட்டில ஒரு ஆணி அடிக்கேல்லையாம். கூரை ஒழுக ஒழுகச் சட்டி வச்சுக்கொண்டு இருந்தவையாம். நாளைக்கு வந்து கேட்டால் திருப்பிக் குடுக்கவேணும், மற்றவன்ர வீட்டில கை வைக்கக்கூடாது எண்டு சொல்லுவாராம். அந்த ஊரில எல்லாரும் அப்பிடித்தானாம், பெட்டியை அவிழ்க்காமல் இருபது வருஷம். எழுபதில ரெண்டு நாடும் எல்லைக்குக் கையெழுத்து வச்ச பிறகுதான் ஓடு மாத்தினவராம்.

அந்தப் பெட்டையும் எலிசா அம்மாவும் ஒரே வயசு. மாரி முழுக்க ஒரே கட்டிலில படுத்திருக்கினம். அனுப்புற அண்டைக்கு, கொண்டுபோற சாமானுக்கு அளவு வச்சு நிறுத்துப் பாத்தவங்களாம். பெட்டை ஒரு கோட்டுக்கு மேல இன்னொரு கோட்டுப் போட்டிருந்திருக்கு. அதை நிண்டவனுக்கு ஆர் காட்டிக் குடுத்தது தெரியுமே? எலிசா அம்மாதான். ஒன்பது வயசு. அவன் கழட்டி வச்சிட்டான். அடுத்த மாரிக்கு அந்தக் கோட்டை இவதான் போட்டவ. இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம், எனக்குச் சொன்னா.

எழுபத்தைஞ்சில அந்தப் பெட்டை வளந்த மனிசியா வந்திருக்கு. எலிசா அம்மா அப்ப இஞ்ச மொன்றியலில. தாய்தான் உள்ள கூப்பிட்டுச் சூப் குடுத்தவவாம். எலிசா எங்க எண்டு கேட்டதாம். கனடாவில எண்டு சொல்ல, அது சரி, அங்க குளிர், நல்ல கோட்டு வச்சிருப்பாள் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டுதாம். எலிசா அம்மா சொல்லி முடிச்சுப்போட்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. எனக்கு இரங்கவும் மனம் வரேல்லை, கையை இழுக்கவும் மனம் வரேல்லை.

தங்கச்சி,
இமெல்டா

*

ரொக்ஸ்பரோ
20.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமா? ரெண்டு மாசமாக் கடிதம் இல்லை. கோயிலுக்குப் போன் எடுத்தன். நீங்கள் ஞாயிறுப் பூசைக்கு வாறனீங்கள் எண்டும், கடிதம் கையில தந்தது எண்டும் சுவாமியார் சொன்னார். அப்ப எழுதாதது மனம் இல்லாமல்தானே? கிளியைப் பற்றி எழுதினது கோவமோ? கோவமெண்டால் திட்டி எழுதுங்கோ, சும்மா இராதேங்கோ.

லவாலில இருக்கிற பேரின்பநாதன் அண்ணை, திருகோணமலை ரவுணில சைக்கிள் கடை வச்சிருந்தவர், அடுத்த மாசக் கடைசியில ஊருக்கு வாறார். தேத்தாவெளிக்குப் போய் வீட்டைப் படம் எடுத்து, உங்களையும் பாத்திட்டு வரச் சொல்லியிருக்கிறன். உங்களுக்குச் சுவெட்டர் ஒண்டு குடுத்து விடுறன்.

இஞ்ச தபால்காரர் வேலைநிறுத்தம் செய்யப்போயினம் எண்டு கதைக்கிறாங்கள். கெதியா எழுதுங்கோ.

இமெல்டா

*

12.11.2024

அன்புள்ள தங்கச்சி இமெல்டாவுக்கு,

உடம்பு சுகம். மனம் சுகமில்லை.

பேரின்பநாதன் அங்க போகமுதல் இந்தக் கடிதம் உன்னட்ட வரவேணும் எண்டு மாதாவைக் கேட்டுப் போடுறன். இன்னொருத்தர் வாயால நீ கேள்விப்படக்கூடாது.

நான் தேத்தாவெளியில இல்லை. எண்பத்தஞ்சில ஓடினதுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கேல்லை. அங்க வேற சனத்தைக் குடியேத்தி, ஊரை மற்றப் பிரிவோட சேத்து, பேரும் மாத்தி எவ்வளவோ காலம். சண்டை முடிஞ்ச பிறகும் எங்களை விடேல்லை. நான் இருக்கிறது பன்னிரண்டு மைல் இஞ்சால, கிளியின்ர வீட்டில. அது கிளிக்குத் தாய் எழுதின வீடு. கோயில் விலாசத்துக்கு எழுதச் சொன்னதும் இதுக்குத்தான்.

2011இல முகாமில அக்னெசுக்கு வயித்தில கட்டி. தறப்பாள் கொட்டிலுக்குள்ள வெக்கையில கிடந்து முனகுவாள். ஒரு கூரைக்குக் கீழ சாக விடுங்கோ எண்டு என்னைக் கேட்டாள். காணிக் கந்தோரில சொன்னாங்கள், பழைய காணி வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கிற ஆக்களுக்குப் பதிலுக்கு ஆளில்லாத வீட்டுக்குப் பெர்மிட் தருவம் எண்டு. இந்தியாவுக்குப் போனதுகள் இனி வராது, யோசிக்காதை எண்டாங்கள். காணி உன்ர பேரில. உன்ர கையெழுத்து வேணும். நீ எனக்கு எழுதின கடிதத்தைப் பக்கத்தில வச்சுப் பாத்துப் பாத்து நான்தான் போட்டன். இமெல்டா எண்டு. அக்னெஸ் எட்டு மாசம் அந்தக் கூரைக்குக் கீழ கிடந்து செத்தாள்.

உனக்கு எழுதத் துணிவு வரேல்லை. முதல் வருஷம் எழுதுவம் எண்டு இருந்தன். பேந்து பொய்யே பழகிப் போச்சு. கூரையை மாத்து எண்டு நீ கேக்கேக்க எல்லாம் எந்த உரிமையில மாத்துறது?

ஆடி மாசம் கிளி தாய் எழுதின உறுதிப் பத்திரத்தோட வந்து படலையில நிண்டுது. நான் திண்ணுகொண்டிருந்தன். நீ எழுதினியே, சோறு எப்பிடித் தொண்டையால இறங்கினது எண்டு. இறங்கினது தங்கச்சி. பதின்மூண்டு வருஷம் இறங்கினது.

வீட்டைக் கிளிக்குத் திருப்பிக் குடுக்க எழுதிக் குடுத்திட்டன். கந்தோரில என்னை விசரன் எண்டு பாத்தாங்கள். உன்ர வீட்டை என்னால திருப்பித் தர வழியில்லை. நீ வராதை. வந்து பாக்க ஒண்டும் இல்லை.

சூசைப்பிள்ளை

*

ரொக்ஸ்பரோ
05.12.2024

அண்ணைக்கு,

தபால் மூண்டு கிழமையா நிண்டுபோய்க் கிடக்கு. எங்கட பங்கில இருந்து நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வாற ஒருத்தியின்ர கையில இதைக் குடுத்து விடுறன். சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

பேரின்பநாதன் அண்ணை போன் எடுத்தவர். ஊர்ப் பலகையில வேற பேராம். எங்கட வீட்டில வேற குடும்பமாம். படலையில பொலிஸ் உடுப்போட ஒரு பெடியன் நிண்டதால ஒண்டும் கேக்காமல், காரில இருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பீட்டார். அடுத்த ஊரில விசாரிச்சதுக்கு, எண்பத்தஞ்சுக்குப் பிறகு தேத்தாவெளிக்கு ஒரு தமிழ்ச் சனமும் திரும்பேல்லை எண்டு சொல்லியிருக்கினம். படத்தை அனுப்பினார். நீலப் பெயின்ற் அடிச்சு, கூரைக்குப் புது ஓடு போட்டு இருக்கு. அதைப் பாத்திட்டு நான் பஸ்சுக்குள்ளயே இருந்து அழுதன்.

பதின்மூண்டு வருஷமா என்னோட ஆர் கடிதம் எழுதினது? எந்த வீட்டில அக்னெஸ் மச்சாள் செத்தவ? அல்லது அதுவும் பொய்யோ? நான் இஞ்ச ஒரு அந்நிய மனிசிக்கு முன்னால என்ர அண்ணனைப் பற்றிப் பெருமை அடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்.

டிக்கட்டை விட்டிட்டன். தக்ஷினி என்ன எண்டு கேக்கிறாள், சொல்ல வெக்கமாக் கிடக்கு. எனக்கு இனி ஒரு அண்ணன் இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் உடைக்கமாட்டன்.

இமெல்டா

*

ரொக்ஸ்பரோ
12.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் நவம்பரில போட்ட கடிதம் முந்தநாள்தான் வந்தது. வேலைநிறுத்தத்தில எங்கயோ மூட்டையோட கிடந்திருக்கு. என்ர அந்தக் கடிதம் கைவழியாப் பறந்து வந்து உங்களுக்கு முதலே கிடைச்சிருக்கும் எண்டு பயப்பிடுறன். சுகமா இருக்கிறியளே அண்ணை? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போடுங்கோ.

நீங்கள் என்ர கையெழுத்தை வச்சது குற்றம்தான். அதை நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனால் ரெண்டு நாளா என்னையே கேட்டுப் பாத்தன். அக்னெசுக்கு ஒரு கூரை வேணும், உன்ர வீட்டை விட்டுக் குடு எண்டு நீங்கள் அப்ப எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பன்? உண்மையைச் சொல்லுறன். மாட்டன் எண்டிருப்பன். உறுதியை வச்சுக்கொண்டு, அது பொம்பிளைப் பிள்ளையின்ர வீடு எண்டு சட்டம் பேசியிருப்பன். மச்சாள் தறப்பாளுக்குக் கீழ செத்திருப்பா.

எலிசா அம்மாவிட்ட எல்லாத்தையும் சொன்னன். என்ர அண்ணனும் உங்கட தேப்பன் மாதிரித்தான் எண்டு. அவர் கூரையை மாத்தினவரோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். அப்ப அவர் மரியாதையான மனிசன் எண்டு சொன்னா. பிறகு என்னை ஆர் எண்டு கேட்டா.

எழுத வேண்டாம் எண்டதைத் திருப்பி எடுக்கிறன். கிளியோடயே இருங்கோ. நான் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கோ. எழுதுங்கோ அண்ணை.

உங்கள் தங்கச்சி,
இமெல்டா

*

02.03.2025

அன்புள்ள இமெல்டா அக்காவுக்கு,

நான் கிளி எழுதுறேன். நீங்களும் பிள்ளையும் நல்லா இருக்கணும். நானும் மகளும் சுகம். முப்பத்துநாலு வருஷம் இந்தியாவில இருந்ததால என் தமிழ் ஒரு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

அண்ணா இங்க இல்லை. டிசம்பர் பதினெட்டாம் தேதி கோயிலில ஒரு அம்மா வந்து உங்க கடிதத்தைக் கொடுத்திட்டுப் போனா. படிச்சிட்டுப் போய்ப் படுத்திட்டார். காலையில எழும்பிப் பார்த்தால் ஆளைக் காணலை. கந்தோரில முத்திரை குத்தின கடதாசி மேசையில இருந்தது. வீடு எனக்குத் திரும்பினது. நான் அவரைப் போகச் சொல்லவே இல்லை அக்கா. ரெண்டு குடும்பமும் இருக்கலாம்னு எத்தனையோ தரம் சொன்னேன்.

உங்க ரெண்டாவது கடிதம் வந்த பிறகு தேடித் திரிஞ்சேன். பஸ் கண்டக்டர் ஒருத்தர் சொல்லி, போன கிழமை கண்டுபிடிச்சேன். அவர் தேத்தாவெளியிலதான் இருக்கார். உங்க வீட்டில. அங்க இருக்கிற குடும்பம் பக்கத்தில சோளம் போட்டிருக்கு. யானைக்குக் காவல் காக்கிறார். வீட்டின் பின் தாழ்வாரத்தில படுக்கை. அவங்க மோசமான சனம் இல்லை. அவங்க ஊரும் ஏதோ குளம் கட்டத் தண்ணிக்குள்ள போய்த்தான் இங்க கொண்டுவந்து விட்டிருக்காங்க. அந்த அம்மா அண்ணாவுக்குத்தான் முதல்ல சாப்பாடு போடுறா. அவர் யார்னு அவங்களுக்குத் தெரியாது. எங்கேயோ இருந்து வந்த செவிட்டுக் கிழவன்னு நினைக்கிறாங்க.

கண்ணாடி இல்லாததால, காட்டோரம் கூட்டிப்போய் உங்க கடிதத்தைக் காதுக்குள்ள கத்திப் படிச்சேன். ரெண்டு தரம் படிக்கச் சொன்னார். பேந்து அதில உங்க பேர் இருக்குன்னு நெருப்புக் குச்சி போட்டு எரிச்சிட்டார். கந்தோர்ப் பதிவில அந்த வீட்டோட உங்க பேர் இருக்காம். பழைய சொந்தக்காரரின் ஆள்னு தெரிஞ்சால், காணி கேட்டு வந்திருக்கான்னு பயந்து அன்றைக்கே துரத்திடுவாங்களாம். அவங்க மகன் பொலிஸில இருக்கிறான். தமிழ் படிச்சவன், வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் அவன் பார்ப்பானாம்.

வாங்க, என் வீட்டுக்குப் போகலாம்னு அழுதேன். "நான் கள்ளக் கையெழுத்து வச்சுக் குடுத்த வீடு. நிண்டு காத்திட்டுச் சாகிறன். விடு பிள்ளை," என்று சொன்னார். மருமகள் கலியாணம் எப்போன்னு மட்டும் கேட்டார்.

அக்கா, நீங்க வந்திட வேண்டாம். வந்தால் அவருக்கு இருக்கிற அந்தத் தாழ்வாரமும் போயிடும். எழுதணும்னு நினைச்சால் முன்பின் தெரியாத ஆள் மாதிரி எழுதுங்க, பேர் போடாமல். வீட்டுக்காரர் விலாசத்தை இதோட வைக்கிறேன்.

அன்புடன்,
கிளி

*

மொன்றியல்
06.04.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உங்களைத் தெரியாது. ஊரில் தனியாக வாழும் முதியவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதும்படி எங்கள் கோயிலில் சொன்னார்கள். எனக்கு உங்கள் பெயரும் உங்களைப் பற்றிய சிறு குறிப்பும் கிடைத்தன.

எங்கள் நாட்டில் பனி இப்போதுதான் கரைகிறது. நான் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலை செய்தேன். அவர் சென்ற மாதம் காலமானார். நல்ல மனிதர். மே மாதம் பதினேழாம் திகதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, என் மகளுக்குத் திருமணம். அந்த நேரம் அங்கே இரவு ஏழரை ஆகியிருக்கும். அவளுக்கு வீடு எதுவும் எழுதவில்லை. இந்த நாட்டில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே அதைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை.

உங்களுக்குக் காது கேட்பது குறைவு என்று அறிந்தேன். யானை பின்னால் வந்தால் உங்களுக்குக் கேட்காது. தயவுசெய்து காவலுக்குத் தனியாகப் போக வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். சாப்பாடு தொண்டையால் இறங்க வேண்டும். அதில் ஒரு பாவமும் இல்லை.

உங்களுக்கு இருக்க இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் அவருடைய மனைவிக்கும் மகனுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். அது நல்ல வீடு என்று கேள்விப்பட்டேன். அவர்கள் அதில் நீண்டகாலம் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
தங்களை முன்பின் அறியாத ஒருத்தி